மலைவீட்டில் உன் அறை

அக்கா,

இன்று பரணிலிருந்து உன் நீலப் பையை இறக்கினேன். என் பையின் ஜிப் போய்விட்டது, வேறு வழியில்லை. திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. விறகுப் புகையும் காய்ந்த புல்லும் கலந்த வாசனை. நம் வீட்டில் எதைத் திறந்தாலும் மீன்தான் மணக்கும், என் கல்யாணப் புடவை உட்பட. உன் பை மட்டும் மலையைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. பையை மடியில் போட்டுக்கொண்டு, செத்துப்போனவள் மீது ஒருத்திக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் வருமா என்று யோசித்தேன். வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ எட்டாவதோடு நிறுத்தியவள், நான் பன்னிரண்டாவது வரை போனவள். எழுத்தில் மட்டுமாவது நான் உனக்கு மேலே இருந்துகொள்கிறேன்.

சித்திரை பிறந்து மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு சும்மா நிற்கின்றன. ஃபைபர் போட்டில் வருகிற கொஞ்சம் மீனுக்கு ஊரே கை நீட்டுகிறது. நம் வீட்டு ஆண்கள் வலை பிரிக்கிறார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், ஆளுக்கு ஆள் எரிந்து விழுகிறார்கள். கடல் தாய் குஞ்சுபொரிக்க அரசாங்கம் லீவு விட்டால், மீன் விற்கிற பொம்பளைக்கும் அது லீவுதானே என்று முதன்முதலில் கண்டுபிடித்தவள் நீ. ஐப்பசியில் நீ போய்விட்டாய். நீ இல்லாத முதல் தடைக்காலம் இது.

நாம் இரண்டு பேரும் ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணனுக்கு நீ, தம்பிக்கு நான். கீழ் வீடு உனக்கு, மாடி எனக்கு. உலகத்தில் எல்லா ஓரகத்திகளும் சண்டை போடுவார்கள். நீ போடமாட்டாய். அதுவே எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. திருவொற்றியூர் மார்க்கெட்டில் பக்கத்துப் பக்கத்தில் பலகை போட்டு உட்காருவோம். ஒரே ஏலத்தில் எடுத்த ஒரே சங்கரா மீன். ஆனால் உன் பலகை முன்னால்தான் கூட்டம் நிற்கும். உன்னிடம் தீர்ந்த பிறகு, "அவகிட்ட வாங்கிக்கோம்மா, என் மீனுதான் அதுவும்" என்று என் பக்கம் அனுப்பிவைப்பாய். நீ அனுப்பிய ஆளுக்கு மீன் வெட்டிக் கொடுக்கும்போது என் கத்தி கொஞ்சம் வேகமாகவே இறங்கும்.

உன் வீட்டுக்காரர், பெரியவர், செத்துப்போன அடுத்த வருஷம் அது. வஞ்சிரம் வாங்க வருகிற டீச்சரம்மா ஒருத்தர் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜவ்வாது மலையில் ஒரு வீட்டின் நம்பரைக் கொடுத்தார். ஹோட்டல் இல்லை, லாட்ஜ் இல்லை. ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் ஓட்டு வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. படுக்கையும் காலைச் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. டிவி கிடையாது, ஏசி கிடையாது. வாடகை கையைக் கடிக்காது. நம்ம ஜனம் ஊரைவிட்டுப் போவதென்றால் திருப்பதிக்குப் போகும், வேளாங்கண்ணிக்குப் போகும், சாவுக்குப் போகும். சும்மா இருப்பதற்காக ஒருத்தி தனியாகப் பஸ் ஏறிப் போவதை நம் தெரு அதுவரை பார்த்ததில்லை. "அங்க இன்னா கோயிலு கீது?" என்று என் வீட்டுக்காரர் உன்னிடமே கேட்டார். "கோயிலும் இல்ல, கொளமும் இல்ல. குந்திகினு வரப்போறேன்" என்றாய்.

நாலு நாள் கழித்து நீ திரும்பி வந்த முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அழுது வீங்கிக் கிடந்த முகம் அலம்பிவிட்டது போல இருந்தது. மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாய். அந்த வீட்டுக்காரி பெயர் கோவிந்தம்மா. உன் அறை ஜன்னலுக்கு வெளியே பலாமரம். போன உடனே நீ செய்த முதல் வேலை, அறையில் இருந்த பக்கெட்டு, சொம்பு, குடம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து நிரப்பியது. எப்போது நிற்குமோ என்ற பயம். கோவிந்தம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இங்க ஊத்துத் தண்ணி, அது எங்க போகப்போவுது" என்று சிரித்தாளாம். அப்புறம் ஜன்னலை இழுத்துச் சாத்தினாயாம், நம் ஊர் மாதிரி கரித்தூள் உள்ளே வந்துவிடும் என்று. காலையில் ஈரத்துணியால் ஜன்னல் திண்டைத் துடைத்துப் பார்த்தால் துணி வெள்ளையாகவே இருந்ததாம். அதைச் சொல்லும்போது சிரித்துச் சிரித்து உனக்குப் புரை ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பத்திக்கொண்டு எரிந்தது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் போனாய். ஒரு டப்பா நிறையக் கருவாடு எடுத்துக்கொண்டு போவாய், ஒரு பை சாமை அரிசியோடு வருவாய். கோவிந்தம்மா சொன்னது, கோவிந்தம்மா வீட்டு மாடு கன்று போட்டது, கோவிந்தம்மா உனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டது. எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பதினெட்டு வருஷம் உன் தலைமாட்டுக்கு மேலே குடியிருக்கிறேன், நீ ஒரு நாளும் என்னிடம் எண்ணெய் வைத்துவிடச் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை என்று வை.

நீ கூப்பிடாமல் இல்லை. ஒவ்வொரு சித்திரையிலும் கூப்பிட்டாய். "நீயும் வாயேன்மே" என்பாய். நான், பசங்களுக்குப் பரீட்சை, மாமனாருக்கு உடம்பு சரியில்லை, எனக்கு முட்டி வலி என்று எதையாவது சொல்வேன். "சர்தான்" என்று விட்டுவிடுவாய். இரண்டாவது தடவை கூப்பிடமாட்டாய். நான் காத்துக்கொண்டிருந்தது அந்த இரண்டாவது தடவைக்கு. கூப்பிட்டால் உடனே வருகிறவள் என்று உன் கண்ணில் ஆகிவிடக்கூடாது, அவ்வளவுதான். நீயோ, ஒருத்தி வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று நம்புகிற ஜாதி.

இப்போது போன வருஷத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரியாது என்று நினைத்து உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லப்போகிறேன்.

கோவிந்தம்மாவின் நம்பரை நீ சமையல்கட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாய். நீ எப்போதும் தடைக்காலத்தின் இரண்டாவது வாரம் போவாய், போவதற்குப் பத்து நாள் முன்னால் போன் பண்ணுவாய். நான் அதற்கும் முன்னால் பண்ணினேன். நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் நம்பரைக் குறித்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பேசினேன். அதே வாரம், அதே பலாமரத்து அறை, நாங்கள் நாலு பேர் என்றேன். கோவிந்தம்மா தயங்கினாள். "அந்த வாரம் அந்த ரூம்புல ஒரு அக்கா வருவாங்களே. திருவொத்தியூரு. உங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். "அவங்க இந்த வருசம் வர்ல. எங்களப் போவச் சொன்னாங்க" என்றேன். வாய் கூசவில்லை. பேர் கேட்டாள், கன்னியம்மா என்று என் பேரையே கொடுத்தேன். வேறு பேர் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை என்று சொன்னால் பொய். அந்த அறை என் பேரில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் செய்தது இன்னதென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஏலத்தில் நம் குடும்பத்துப் பெண்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டே. ஒருத்தி விலை கேட்ட கூடைக்கு மற்றவள் வாய் திறக்கக்கூடாது. திறந்துவிட்டால், முதலில் கேட்டவள் சத்தம் போடமாட்டாள். கூடையை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொள்வாள். அவ்வளவுதான் தண்டனை. தப்பு யார் பக்கம் என்று பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். இத்தனை வருஷத்தில் உன் கூடைக்கு நான் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. மீனில் காட்டிய நாணயத்தை ஓர் அறையில் காட்டவில்லை.

நாலு நாள் கழித்து நீ மாடிக்கு வந்தாய். "ரூம் இல்லியாம்மே. யாரோ குடும்பமா வருதாம்" என்றாய். "அடப் பாவமே. வேற வாரம் போயேன்க்கா" என்றேன். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்த என் துணிகளை மடிக்க உட்கார்ந்தாய். நீ துணி மடித்துக்கொண்டிருக்க, நான், இந்தத் தடவை எங்க அம்மா வீட்டுக்குப் பழவேற்காடு போகிறோம் என்று தொடங்கினேன். "போயிட்டு வா, பசங்களும் எங்கதான் போச்சுங்க" என்றாய். என் வீட்டுக்காரர் நான் உன்னிடம் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

போளூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு இன்னொரு பஸ். கோவிந்தம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் நினைத்திருந்ததைவிடக் கறுப்பு, குள்ளம், முன்பல் ஒன்று இல்லை. எனக்கு அதில் ஒரு திருப்தி. "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். நல்லா இருக்காங்க என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அறைக்குள் போனதும் என் கை தானாகக் குழாயைத் திறந்து பக்கெட்டை வைத்தது. இரண்டாவது பக்கெட்டு நிரம்பும்போதுதான் உன் ஞாபகம் வந்து, குழாயை மூடினேன். ஜன்னலையும் சாத்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கோவிந்தம்மா வந்து அதைத் திறந்துவிட்டுப் போனாள்.

அவள் கவனித்துக்கொண்ட மாதிரி என்னை யாரும் கவனித்ததில்லை, அக்கா. ஏலத்துக்கு எழுந்து பழகிய கண் அங்கேயும் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டது. வெளியே வந்தால் அடுப்பு எரிகிறது, பால் ஊற்றாத டீ தயாராக இருக்கிறது. நான் பால் ஊற்றிக் குடிப்பதில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவே இல்லை. முட்டி மடக்கி உட்கார முடியாத எனக்கு ஒரு முக்காலி வந்தது. குழம்பில் பூண்டு இல்லை. பசங்களை அவள் வீட்டுக்காரர் ஓடைக்குக் கூட்டிப்போனார், எனக்கு மட்டும் தனியாக இருக்க நேரம் கிடைத்தது.

அப்போது எனக்கு வந்தது நன்றி இல்லை, சந்தோஷம். அதுவும் கெட்ட சந்தோஷம். ஆக, இவள் எல்லாருக்கும் இப்படித்தான் செய்கிறாள், இது அவள் தொழில். வருஷா வருஷம் நீ வந்து பீற்றிக்கொண்டது உனக்கென்று தனியாக நடந்த உபசாரம் இல்லை, முன்பணம் கட்டிய எவளுக்கும் கிடைப்பது. இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம். நாலு நாளும் நான் அங்கே செய்தது ஒரே வேலை. நீ எந்தக் கல்லில் உட்கார்ந்திருப்பாய், எந்த வழியாக நடந்திருப்பாய் என்று தேடித் தேடி அங்கங்கே உட்கார்ந்து பார்த்தேன். மலை எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

திரும்பி வந்ததும் நீ கேட்டாய்: "பழவேற்காடு எப்டி கீது?" நல்லா இருந்துச்சு என்றேன். "முட்டி வலி பரவால்லியா?" என்று கேட்டாய். பரவாயில்லை என்றேன். ஆறே மாதம். காசிமேட்டிலிருந்து வருகிற ஷேர் ஆட்டோவில், என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டாய். தூங்குகிறாய் என்று நினைத்து டோல்கேட் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

முந்தாநாள் கோவிந்தம்மாவுக்குப் போன் பண்ணினேன். நீ போன செய்தி அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவள் நான்தான், ஆறு மாதமாகச் சொல்லவில்லை. உனக்காக இன்னொருத்தி அழுவதைக் கேட்க எனக்கு மனசில்லை. சொன்னதும் அவள் அழுதாள். நம் வீட்டு ஜனங்கள் அழுததைவிட நிஜமாக அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றேன். அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்திவிட்டு அவளாகப் பேச ஆரம்பித்தாள்.

"போன வருசமே அவங்களுக்கு மறதி வந்துடுச்சும்மா. போன் பண்ணி எப்பவும் போல ரூம்பு கேட்டாங்க. நீங்கதான் வரலன்னு சொல்லி, கன்னியம்மான்னு ஒரு குடும்பத்த அனுப்பறீங்களாமேன்னேன். பேரு என்னான்னு திருப்பிக் கேட்டாங்க. அப்புறம், அட ஆமாம்மா, நான்தான் அனுப்பிச்சேன், மறந்தே போய்ட்டேன், அவ என் தங்கச்சின்னாங்க."

அவள் நிறுத்தவில்லை. நான் மூன்று மணிக்கு எழுந்துவிடுவேன் என்று நீ சொன்னாயாம். மற்றதெல்லாம் உன் வார்த்தையிலேயே சொன்னாள்: டீயில் அவளுக்குப் பால் கூடாது, பூண்டு ஒத்துக்கொள்ளாது, தரையில் உட்காரச் சொல்லாதே. ஜன்னலைச் சாத்திவிடுவாள், நீ போய்த் திறந்து வை. பசங்களை எங்கேயாவது கூட்டிப்போ, அவள் தனியாக உட்கார்ந்து வருஷக்கணக்கு ஆகிறது. நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, ரோஷக்காரி.

"பக்கத்து ரூம்பு காலியாத்தான் இருந்திச்சு. நீங்களும் வாங்கக்கான்னு எவ்வளவோ சொன்னேன். என்னா சொன்னாங்க தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, உன் பேச்சு மாதிரியே பேசிக் காட்டினாள். "நான் வந்தா அவ என்னியே பாத்துகினு இருப்பா. இந்த தபா மலைய பாக்கட்டும்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, அக்கா. கோபம். எப்படிப்பட்ட கோபம் என்றால், நீ எதிரில் இருந்திருந்தால் உன் பலகையைத் தூக்கிக் கடாசியிருப்பேன். என் வாழ்நாளில் உன்னைத் தோற்கடித்தது அந்த நாலு நாள்தான். அதையும் நீ விட்டுவைக்கவில்லை. என் பொய்யைக்கூட உண்மை ஆக்கிவிட்டாய். திருடி எடுத்ததை நீ கொடுத்ததாக மாற்றிவிட்டாய். என் துணியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அப்போது உனக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன், வருஷக்கணக்காக உள்ளே கிடப்பது எல்லாம் வெளியே வந்திருக்கும், அப்புறம் ஒருவேளை நானும் உன் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டிருப்பேன். நீ தள்ளிப் போய் நின்றுகொண்டாய். அவ்வளவு நல்லவளாக இருக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?

கோபம் தீர அரை நாள் ஆனது. அழுதது அதற்கப்புறம். என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணிக்குத் தெரியாதுன்னா நீ நெனச்ச?" என்றார்.

அடுத்த வாரம் அந்த மலைக்குப் போகிறேன். தனியாகத்தான். நேற்று மறுபடி போன் பண்ணினேன், எந்த ரூம்பு வேண்டும் என்று கோவிந்தம்மா கேட்டபோது பக்கத்து அறையைச் சொன்னேன். பலாமரத்து அறைக்கு யார் வந்தாலும் கொடு என்றேன், அப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குத் தெரியும். போனை வைக்கும் முன் அவள் கொஞ்சம் இழுத்தாள். "ஏம்மா, அக்கா அங்க வந்தா என்னப் பத்தி எதனா சொல்லுவாங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லை, சும்மாதான் கேட்டேன் என்றாள். சும்மா கேட்கிற குரல் எது, ஏங்கிப்போய்க் கேட்கிற குரல் எது என்று எனக்கா தெரியாது?

நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் போகிறேன். நீ அவளைப் பற்றிச் சொன்னது அத்தனையும், கேட்கும்போதெல்லாம் எரிந்துகொண்டே கேட்டதால், ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. அவள் கையால் எண்ணெய் வைத்துக்கொண்ட அன்றைக்குத்தான் பெரியவர் போன பிறகு முதல்முறையாக நன்றாகத் தூங்கினாய் என்று சொன்னாயே, அதையும் சொல்லிவிடுவேன். ஒன்றே ஒன்றைத் தவிர. கோவிந்தம்மாவின் கீரைக்குழம்புக்கு முன்னால் என் மீன்குழம்பு நிற்காது என்று ஒரு தடவை சொன்னாய். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துச் சிரித்தாய். அது என்னைச் சீண்டுவதற்காக நீ சொன்னது. அதை அவளுக்குக் கொடுக்கமாட்டேன், அக்கா. அது எனக்கு.

கன்னியம்மா